நான் அணைத்த சுவிட்ச்

சென்ற ஆண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடித் தேர் முடிந்த மறுவாரம் நடந்தது இது. நான் தினமும் பஸ் ஏறி இராஜபாளையத்தில் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போகிறேன். முள் உருளைகளில் பஞ்சைச் சீவிக் கொடுக்கும் கார்டிங் மெஷின்தான் என் பொறுப்பு.

அதற்குச் சில நாட்கள் முன்புதான் எங்களுக்குப் புதுவிதமான பாதுகாப்புப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். தலையில் கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு பெரிய வி.ஆர். கண்ணாடியை மாட்டிவிடுவார்கள். மாட்டியதும் கம்ப்யூட்டர் படமாக நம் மெஷினே கண்முன் நிற்கும். பஞ்சு சிக்கினால் சுவர்ப் பெட்டியில் உள்ள சிவப்புக் கைப்பிடியை இறக்கி மெயினை அணைக்க வேண்டும், பூட்டுப் போட வேண்டும், பிறகுதான் மூடியைத் திறக்கலாம். கைப்பிடி இறங்கும்போது 'டக்' என்று சத்தம்கூடக் கேட்கும். நான்கு நாள் திரும்பத் திரும்பச் செய்தேன். ஒரு தப்புக்கூட இல்லை என்று பாராட்டினார்கள்.

அன்று காலை ஷிஃப்டில் என் மெஷினில் பஞ்சு சுற்றிக்கொண்டது. பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டு, ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டருக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தவர் சேத்தூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். நாங்கள் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம்.

"மெயினை அமத்திட்டியாம்மா?"

"அமத்திட்டேண்ணே."

நான் பொய் சொல்லவில்லை. கைப்பிடியை இறக்கியதும் அந்தச் சத்தமும் எனக்கு அவ்வளவு தெளிவாக ஞாபகம் இருந்தது.

அவர் மூடியைத் திறந்து உருளை அருகே கையைக் கொண்டுபோனார். என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டு, "எதுக்கும் ஒருக்கா பாத்துக்கிடுவோம்" என்று ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். பழைய மெஷின், மூடி திறந்திருந்தாலும் ஓடும். உருளை உறுமிக்கொண்டு சுழன்றது.

சட்டென்று நிறுத்திவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "இல்லண்ணே, நான் அமத்துனேன்" என்று மூன்று தடவை சொல்லியிருப்பேன். யாரோ பூட்டைக் கழற்றி மெயினைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். பக்கத்து மெஷின்காரி மெதுவாகச் சொன்னாள்: "நீ பெட்டிப் பக்கமே போகலக்கா."

போய்ப் பார்த்தேன். கைப்பிடி மேலேதான் இருந்தது, பூட்டும் இல்லை. அதன்மேல் பஞ்சுத் தூசி கனமாகப் படிந்திருந்தது, ஒரு விரல் தடம்கூட இல்லை. என் ஞாபகத்தில் இருந்த கைப்பிடியோ துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. நான் இறக்கியது கண்ணாடிக்குள் இருந்த கைப்பிடியை என்று அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் திட்டவில்லை. "செத்த நேரம் கழிச்சுப் பாப்போம்" என்று தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

பாதுகாப்பு அதிகாரியிடம் உள்ளபடி சொன்னேன். "மறந்துட்டேன்னு சொல்லும்மா, போதும்" என்றார். மறக்கவில்லை சார், செய்யாததைச் செய்ததாக ஞாபகம் இருந்தது என்று விளக்குவதற்குள் அழுதுவிட்டேன். யோசித்துப் பார்த்தார் போலிருக்கிறது. இப்போது கண்ணாடியைக் கழற்றியதும், அதே வேலையை நிஜ மெஷினிலும் எங்களைச் செய்யவைக்கிறார்கள்.

அன்று பஸ்ஸில் வரும்போது வீட்டைப் பூட்டினேனா, மகளுக்குக் காலையில் மருந்து கொடுத்தேனா என்று எதையுமே நம்ப முடியவில்லை. அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. இன்றும் யாராவது "செஞ்சிட்டியா?" என்று கேட்டால், எழுந்துபோய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்கிறேன், என் ஞாபகத்தை நம்பி இன்னொருவர் கையை நீட்டிவிடக் கூடாது.