கை தட்டிய அண்ணன்

எங்கள் தெருவில் கண்ணாடிக் கடைப் பெரியவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். வயதை வைத்து வந்த பெயர் இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்திய கடை. அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர், அவ்வளவுதான். பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் என் காகிதம் பறக்கும். அதனால் நான் சொல்வதில் பெரும்பாலும் நானே பார்த்ததும் கேட்டதும்தான்.

பெரியவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட, தம்பியை வளர்த்து, பெண் பார்த்துக் கட்டிவைத்து, கடைக்கு மேலேயே குடிவைத்தார். மூன்று வேளையும் அந்த வீட்டில்தான் சாப்பாடு. தம்பியை விட்டால் அவருக்கு வேறு நாதி கிடையாது. ஆனால் இதை ஒருநாளும் தம்பியிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சொல்வதற்கு அந்தக் கடையில் நேரம் ஏது? கண்ணாடி கையில் இருக்கும்போது பேசக்கூடாது என்பது பெரியவர் போட்ட சட்டம். ஆள் உயரக் கண்ணாடியை ஆளுக்கொரு பக்கம் பிடிப்பார்கள். பெரியவர் "ம்" என்றால் சின்னவர் தூக்க வேண்டும். இன்னொரு "ம்" என்றால் திரும்ப வேண்டும். கொஞ்சம் நீட்டி "ம்ம்" என்றால் இறக்க வேண்டும். பேச்சில் கவனம் போனால் கண்ணாடியோடு கையும் போய்விடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணாடியை மேஜைமேல் படுக்கவைத்த பிறகும் அந்த ஊமை நாடகம் ஓயாது. கண்ணாடி வெட்டும் கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பில் கோடு போடுவது பெரியவர். ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது சின்னவர். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அப்படியே பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஒரு தடவை கட்டரை அவர் கையில குடுத்துத்தான் பாருங்களேன் அண்ணே" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"வேணாம்மா. கையைக் கிழிச்சுக்குவான்."

மனுஷன் பாசத்தில்தான் சொன்னார். தடுப்புக்கு அந்தப் பக்கம் சின்னவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பெரியவருக்கு இங்கிலீஷ் ஆசை ஒரு சோபாவால் வந்தது. புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடும் வேலை கிடைத்திருந்தது. மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது, போனில் எல்லாம் இங்கிலீஷ்தான். பெரியவர் இங்கிலீஷில் நேற்று, இன்று, நாளை மூன்றும் ஒன்றுதான். மாட்டிவிட்டேன் என்பதற்கும் "எஸ் சார், ஐ ஃபிக்ஸ்". மாட்டப் போகிறேன் என்பதற்கும் "எஸ் சார், ஐ ஃபிக்ஸ்". மாட்டியாகிவிட்டது என்று நம்பி ஒரு வீட்டுக்காரர் புத்தம்புது சோபாவை ஜன்னலோரம் போட்டுவிட்டு வெளியே போனார். ஜன்னலில் வெறும் சட்டம். அன்றைக்கென்று மழை கொட்டித் தீர்த்தது. சோபாவோடு வேலையும் போனது.

மறுவாரமே எதிர் மாடியில், டிரைவிங் ஸ்கூலை ஒட்டிய அறையில், ஞாயிறு மதியம் நடந்த ஆரம்ப இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டார். தம்பி பேரையும் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். கேட்பது என்ற பழக்கம்தான் இல்லையே. "தெரிஞ்ச முகம் கூட இருந்தா தேவலை" என்று என்னையும் இழுத்துப் போட்டார்.

டீச்சர் எங்கள் எல்லோரையும்விடச் சின்னப் பெண், ஆனால் கறார். ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொருவரும் எழுந்து நேற்று செய்தது ஒன்று, இனிமேல் செய்யப் போவது ஒன்று சொல்ல வேண்டும். வினைச்சொல் சரியாக இருந்தால் வகுப்பே கை தட்டும். சொல்வது உண்மையா பொய்யா என்று யாருக்கு வேண்டும்? வாயில் வந்த வினைச்சொல்லுக்கு ஏற்றபடி அவரவர் ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டோம். தையல்காரர் ஒருத்தர் வாராவாரம் யானை வாங்கினார். நான் நேற்று கப்பல் ஓட்டினேன், நாளை ராணியைப் பார்க்கப் போவதாக இருந்தேன். பெரியவர் மட்டும் எல்லாக் காலத்திலும் கண்ணாடியே மாட்டிக்கொண்டிருந்தார். யார் என்ன சொன்னாலும் நாங்கள் காது கொடுத்தது வினைச்சொல்லுக்கு மட்டும்தான்.

சின்னவருக்கு இங்கிலீஷ் சுட்டுப்போட்டாலும் வரவில்லை. நாளைக்குப் போனேன் என்பார், நேற்று போவேன் என்பார். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து தொடையைக் கிள்ளுவார். அவர் முறை வந்தாலே எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவர் எழுந்து நின்றார். டீச்சரைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லாக, கீழே விழுந்துவிடுமோ என்பதுபோல் சொன்னார்: "நெக்ஸ்ட் மந்த், ஐ வில் லீவ் அவர் ஷாப். ஐ வில் நாட் கம் பேக்."

ஒரு பிழை இல்லை. டீச்சரே வாயைப் பிளந்தாள். எல்லோருக்கும் முன்னால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கை தட்டியவர் பெரியவர்தான். "பாத்தீங்களா, என் தம்பி!" என்று தலைகால் புரியாமல் குதித்தார். அதைப் பார்த்து நாங்களும் தட்டினோம். கைதட்டல் ஓய்ந்த பிறகும் சின்னவர் உட்காராமல் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் சின்னவர் மனைவியும் மகளும் பள்ளி விடுமுறைக்கென்று முன்னால் கிளம்பிப் போனார்கள். வீட்டில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. பழைய சாமான் கழிக்கிறார்கள் என்று பெரியவர் நினைத்தாராம். ஒருநாள் காலையில் அளவெடுக்கப் போய்விட்டுத் திரும்பினால் வாசலில் வேன் நிற்கிறது, மேலே கட்டில் ஏறியிருக்கிறது. "வரேன் அண்ணே" என்று சின்னவர் கும்பிட்டார். பெரியவர் "ம்" என்றார். வேன் போய்விட்டது.

பக்கத்து ஊரில் மைத்துனனுடைய பட்டறையில் கண்ணாடிப் பிரிவு முழுக்கச் சின்னவர் பொறுப்பு என்று பிறகு தெரிந்தது.

அதற்கப்புறம் பெரியவர் புலம்பாத ஆளில்லை. கண்ணாடி வாங்க வந்தவர், வழி கேட்டு வந்தவர், யார் கிடைத்தாலும் அதே பாட்டு. "தூக்கி வளத்தேன். போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னானா?" தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் எத்தனை நாள்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்? ஒருநாள் பொறுக்காமல் மெஷினை நிறுத்திவிட்டுப் போனேன்.

"சொன்னார் அண்ணே. எழுந்து நின்னு சொன்னார்."

"எங்கம்மா சொன்னான்?"

"கிளாஸ்ல. அடுத்த மாசம் நம்ம கடையை விட்டுப் போறேன், திரும்பி வரமாட்டேன்னு. நீங்க கூட எழுந்து தட்டினீங்களே."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த கட்டரை மேஜையில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. இல்லை, யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தம்பியைப் பார்க்கப் போனார். சாயங்காலம் திரும்பியவர் நேராக என் கடைக்கு வந்து, காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"நான் போனப்போ கண்ணாடி வெட்டிட்டிருந்தான்மா. ஒரே இழுப்பு. என் கோடுகூட அவ்வளவு நேரா வராது."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஏன்டா நம்ம பாஷையில சொல்லலேன்னு கேட்டேன். 'நம்ம பாஷையில உன் முன்னாடி எனக்கு வாய் வராது அண்ணே. கிளாஸ்லதான் யார் என்ன சொன்னாலும் கேக்குறாங்கன்னு தைரியமா சொன்னேன். நீ தட்டின. சரி, அண்ணனுக்கு நான் போறதுல சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்'ங்கறான்."

"இப்போ திரும்ப வரச் சொன்னீங்களா அண்ணே?"

"சொன்னேன். பொண்ணை அங்கே பள்ளிக்கூடத்துல சேத்தாச்சாம். மச்சானுக்கும் வாக்குக் குடுத்தாச்சாம். முடியாதுன்னு சொல்லும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டான்மா." தண்ணீரைக் கீழே வைத்தார். "அன்னிக்கே போகாதேன்னு நான் சொல்லியிருந்தா இருந்திருப்பியாடான்னு கேட்டேன். யோசிக்கவே இல்லை. 'இருந்திருப்பேன் அண்ணே. அதைக் கேக்கத்தானே நின்னுட்டிருந்தேன்'னான்."

பெரியவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று என் கடையில், ஆட்கள் வந்து போகிற நேரத்தில், முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அழுதார்.

"போகாதே. அவ்வளவுதானேம்மா. அதைச் சொல்ல எனக்கு என்ன இங்கிலீஷ் வேண்டியிருந்தது?"