முத்துவின் பெயரில் விழுந்த பந்துகள்

2024 அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். காபி போட்டுக் குடித்துவிட்டு, முந்தைய நாள் நாட்குறிப்பில் விட்டுப்போன இரண்டு வரிகளை எழுதி முடித்தேன். கேரளத்துச் சித்தூரிலிருந்து வழக்கமான பஸ்ஸில் பாலக்காடு போய்ச் சேர்ந்தேன். கூடைப்பந்து கிளப்பின் அலுவலகம் மைதானத்துக்குப் பின்னால் மாடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் வீடியோவைத் திறந்து, எதிரணி எறிந்த ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வரி என்று குறித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். எங்களுடையது சம்பளத்துக்கு ஆடும் பெண்கள் அணி. நான் இங்கே வருவதற்கு முன் ஒரு நூற்பாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். ஆலை மூடியது. எண்களோடு பழகிய ஆள் வேண்டும் என்று கிளப்பில் கேட்டார்கள், வந்துவிட்டேன். கூடைப்பந்தைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது, அது ஆரஞ்சு நிறம் என்பது மட்டும்தான்.

வளையத்தைச் சுற்றி ஒரு பெரிய வளைகோடு உண்டு. அதற்கு வெளியே நின்று எறிந்து உள்ளே விழுந்தால் மூன்று புள்ளி. அந்தக் கோட்டருகே எதிரணியை எறியவிடாமல், எறிந்தாலும் விழவிடாமல் தடுப்பதுதான் பெரிமீட்டர் டிஃபென்ஸ். வெளியே நின்று ஆடும் 'கார்டு' (guard) என்கிற ஆட்டக்காரிகளின் முக்கிய வேலை அது. அதை அளக்க நாங்கள் வைத்திருந்த விதி எளிமையானது. பந்து கையை விட்டுப் போகும் நொடியில் வீடியோவை நிறுத்து. எறிகிறவருக்கு மிக அருகில் நிற்கும் நம் ஆள் யார் என்று பார். அவர் பெயரில் குறி. விழுந்ததா, இல்லையா என்று எழுது. ஒருவர் பெயரில் விழுந்தது குறைவாக இருந்தால் அவர் நல்ல தடுப்பாளர்.

ஒற்றை எண்

பதினொரு மணிவாக்கில் மேனேஜர் ராமநாதன் மாடி ஏறி வந்தார். கல்பாத்திக்காரர்.

"வியாழக்கிழமை கமிட்டி, கேட்டேளா. சீசன் ரெண்டாம் பாதிக்கு நாலு கார்டுல மூணு பேருக்குத்தான் கான்ட்ராக்ட் நீட்ட முடியும். யார் நன்னாத் தடுக்கறான்னு ஆளுக்கு ஒத்தை நம்பராத் தாங்கோ, போறும். பக்கம் பக்கமாத் தந்தா நேக்குத் தலை சுத்தும்."

கொடுத்தேன். கடைசி இடத்தில் முத்துலட்சுமி. அவர் தாளை விரலால் தட்டினார். "அப்போ முத்துவை விட்டுடலாம். சுலபமாப் போச்சு."

அவர் இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் கோச் பழனிச்சாமி விசிலைக் கழுத்தில் ஆட்டிக்கொண்டே ஏறி வந்தார். கொழிஞ்சாம்பாறைக்காரர். குரல் வந்து அரை நிமிடம் கழித்துத்தான் ஆள் வருவார்.

"ஏனுங்க நடராஜண்ணா, உங்க கம்ப்யூட்டருக்குப் பித்து கித்துப் புடிச்சுருச்சுங்களா? எங்கிட்ட இருக்கறதுலயே தடுக்கறதுக்கு லாயக்கான புள்ள அது ஒண்ணுதானுங்க. அதைய அனுப்பிப்போட்டு நானும் நீங்களும் போயித் தடுக்கறதுங்களா?"

"நான் யாரையும் அனுப்பச் சொல்லலைங்க கோச். விழுந்த பந்தை எண்ணினேன், அவ்வளவுதான்."

"அப்ப எண்ணுனது தப்புங்க."

முத்துவுக்கு ஊர் கம்பம்மெட்டு. அப்பாவும் அம்மாவும் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. நடு சீசனில் விட்டுவிட்டால் வேறு எந்த அணியும் அந்த வருடம் எடுக்க முடியாது. லீக் விதி அப்படி. ஒரு வருடம் ஆடாமல் உட்கார்ந்த கார்டை அடுத்த வருடம் யாரும் தேடி வருவதும் இல்லை. அந்தத் தாளின் கடைசி வரிக்கு அதுதான் அர்த்தம்.

மூன்று கணக்கு, மூன்று பதில்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வேறு விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு விழுந்தது என்பதை விட்டுவிட்டு, முத்து களத்தில் இருக்கும்போது எதிரணி எவ்வளவு தடவை வெளியிலிருந்து எறிகிறது என்று எண்ணினேன். மற்ற மூவர் நிற்கும்போதைவிடக் குறைவு; அதில் அவள் முதலிடம். அவள் நின்றால் எறியவே யோசிக்கிறார்கள் போலிருந்தது. எறியாத பந்துக்கு என் வீடியோவில் வரியே கிடையாது.

மூன்றாவதாக, அவள் ஆடும் நேரத்தில் எதிரணி எடுத்த புள்ளிகளையும், அவள் பெஞ்சில் இருக்கும்போது எடுத்ததையும் ஒப்பிட்டேன். நடுவில் நின்றாள். ஆனால் அவள் பெரும்பாலும் வளையத்தடியைக் காக்கும் எங்கள் உயரமான சென்டரோடு சேர்ந்துதான் இறங்குகிறாள். நல்லது யாரால், கெட்டது யாரால் என்று பிரிக்க முடியவில்லை. தவிர, பாதி சீசன் என்பது சின்ன மாதிரி. ஆலையில் நாலே நாலு நூல் கோனை எடுத்துப் பார்த்து ஒரு லாட்டையே திருப்பி அனுப்ப என் சூப்பர்வைசர் விடமாட்டார்.

கடைசி, முதல், நடு. மூன்றும் ஒரே பெண். அன்றைய நாட்குறிப்பில், "ஒன்றும் புரியவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

"அது என் ஆளு இல்ல சார்"

புதன்கிழமை காலை பயிற்சி முடிந்ததும் முத்துவே வந்துவிட்டாள். வேர்வை காயவில்லை.

"சார், என்னைய வெளிய அனுப்பப் போறாங்களாமே? நீங்கதான் கணக்கு எழுதிக் குடுத்தீங்களாம். கீழ பிள்ளைங்க பேசுதுக."

மறைக்க ஒன்றும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் பெயரில் விழுந்த பந்துகளை வரிசையாக ஓட்டிக் காட்டினேன். முதல் பந்து. மூலையிலிருந்து எதிரணிப் பெண் எறிகிறாள், முத்து கையை உயர்த்திக்கொண்டு பாய்கிறாள், விழுகிறது.

"சார், அது என் ஆளு இல்ல. என் ஆளு இந்தா, அங்கிட்டு நிக்கிறா பாருங்க. இந்த மூலையில யாருமே இல்ல. நான் வெரசா ஓடியாந்தேன், எட்டல."

"மூலைக்காரி யாரோட ஆள்?"

அவள் திரையை விட்டுத் திரும்பி வேர்வையைத் துடைத்தாள். வீடியோவைப் பின்னால் ஓட்டினேன். அஞ்சு, எங்கள் இன்னொரு கார்டு, அந்த மூலையை விட்டு உள்ளே ஓடியிருந்தாள்.

இப்படிப் பல பந்துகள். யாரோ விட்ட இடத்துக்கு இவள் ஓடியிருக்கிறாள். ஓடாமல் சும்மா நின்றிருந்தால் அவள் பெயரில் குறியே விழுந்திருக்காது. ஆலையிலும் இப்படித்தான்: கோன் சுற்றும் பிரிவில் நூல் அறுந்தால் அங்கே நிற்கிறவரின் ஷிஃப்டில் பதிவாகும், குறை பிறந்தது முந்தைய பிரிவில். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்து, அவள் தடுத்ததாக எழுதியிருந்த ஒரு பந்தையும் ஓட்டினேன். முத்து சிரித்துவிட்டாள். "இதுக்குமா சார் எனக்கு மார்க்? நான் வழுக்கி விழுந்து கெடக்கேன், பாருங்க. அவளே கை தவற விட்டுட்டா."

அழித்தேன். அவளுக்கு எதிரானது குறைந்தது, சாதகமானதும் குறைந்தது.

கோச்சின் பதில்

இனி தாளில் இரண்டு நெடுவரிசை வைப்பதென்று முடிவு செய்தேன். 'யாருடைய ஆள்' என்று ஒன்று, 'யார் ஓடினார்' என்று ஒன்று. சாயங்காலம் கோச்சை உட்காரவைத்து அதே மூலைப் பந்தைக் காட்டினேன்.

"முத்து தன் ஆள் இல்லைங்கறா. சரிதானுங்களே?"

கோச் தாடையைத் தேய்த்தார். "அது... இல்லீங்க. அந்த எடத்துல ஆளை மாத்திக்கலாம்னு ஸ்விட்ச் கூப்புட்டிருந்தா மூலை முத்துதுங்க. கூப்புடலீன்னா அஞ்சுது."

"கூப்பிட்டாங்களா?"

"அதைய நான் எப்புடிச் சொல்றது? ரெண்டு புள்ளைகளும் ஓடற ஓட்டத்துல கத்திக்கறது. வீடியோவுல கேக்குதுங்களா?"

சத்தத்தைக் கூட்டினோம். ரசிகர்களின் செண்டை மேளம் மட்டும் கேட்டது. கோச் தாளம் போட்டார். "நல்லாத்தான் கொட்டறானுங்க."

யாருடைய ஆள் என்பது படத்தில் இல்லை. இருவருக்கும் நடுவே கத்திய ஒரு சொல்லில் இருந்தது. கோச் நினைவில் இருந்தவரை சில பந்துகளுக்குப் பதில் சொன்னார். சிலவற்றுக்கு, "முத்து சொன்னதையே போட்டுக்கங்க" என்றார். அப்படியே போட்டேன்.

கமிட்டி

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம். 'யாருடைய ஆள்' என்பதை வைத்து எண்ணிய புதிய தாளைக் கொடுத்து, பழையதைத் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லி, காரணத்தையும் விளக்கினேன். ராமநாதன் கவனமாகக் கேட்டார். அதை நான் மறுக்க மாட்டேன். கோச் மேசையைத் தட்டி, "நான் சொன்னனுங்களா இல்லீங்களா?" என்றார். முத்துவின் கான்ட்ராக்ட் அங்கேயே நீட்டப்பட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதன்பின் ராமநாதன் தாளின் கடைசி வரியைத் தட்டினார். அதே விரல். "பேஷ். அப்போ இந்த அஞ்சுவை விட்டுடலாம்."

தாளை என் பக்கம் இழுத்தேன். முத்துவின் பெயரிலிருந்து நான் எடுத்த பந்துகள் எங்கே போயின என்று அப்போதுதான் பார்த்தேன். விழுந்த பந்து விழுந்ததுதான். அதை யார் பெயரிலாவது எழுத வேண்டும். எழுதியிருந்தேன். முத்து சொல்லி, கோச் பாதி சொல்லி, நான் எழுதினேன். அஞ்சுவிடம் யாரும் கேட்கவில்லை.

"சார், இதையும் வச்சு முடிவெடுக்க வேண்டாம். எனக்கு நிச்சயமில்லை."

"என்ன ஓய் இது? செவ்வாய்க்கிழமை ஒண்ணு, வியாழக்கிழமை ஒண்ணு. ஸ்டாட்டிஸ்டிக்ஸுன்னா இப்படியா?"

"இப்படித்தான் சார், சில சமயம்."

அவர் கோச்சைப் பார்த்தார். கோச் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தி, "அஞ்சுவும் நல்ல புள்ளதானுங்க" என்றார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம். அதுக்கு மேல நேக்கு முடியாது."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு பந்தை ஒருவர் பெயருக்கு நேரே எழுதும் முன், அதை அவருக்கு ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள். காட்டினால் தெளிவு பிறக்கும் என்று நான் சொல்லவில்லை. எனக்குக் குழப்பம்தான் கூடியது. ஆனால் காட்டாமல் எழுதியபோது குழப்பமே இல்லாமல் இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக, பயிற்சி தொடங்கும் முன்பே அஞ்சுவை மாடிக்கு அழைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் பந்தை ஓட்டினேன்.