கப்பல் படங்களின் வாரிசு

இதை இதுவரை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

என் கணவர் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். வெள்ளைக்காரர் காலத்துச் சிகரெட் பெட்டிகளுக்குள் வந்த போர்க்கப்பல் பட அட்டைகளை ஒரு அல்பத்தில் ஒட்டிச் சேர்த்து வைத்திருந்தார். வெளிநாட்டில் நல்ல விலை போகுமாம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எங்கள் தெருவில் இராணுவச் சுற்றிவளைப்பு. தமிழர் வீட்டில் போர்க்கப்பல் படங்கள் இருந்தால் என்ன ஆகும்? பயத்தில், அலுமாரியில் இருந்த அல்பத்தை எடுத்துக் குசினி அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன். தேட வந்தவர்களோ அலுமாரியைத் திறக்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்பிய அன்றே, வீட்டுக்கு வருமுன், அவர் என்னை நொத்தாரிசிடம் கூட்டிப்போனார். ஒவ்வொரு கப்பலின் பெயரையும் அவர் மனப்பாடமாகச் சொல்ல, எல்லாம் எனக்கென்று நொத்தாரிசு மரணசாசனம் எழுதினார்.

"அல்பம் இப்ப ஆரிட்ட இருக்கு?"

"இவவிட்டதான். என்னைவிடக் கவனமா வைச்சிருப்பா."

பக்கத்தில் இருந்த நான் அவருடைய மருந்துப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அதன்பின் இரண்டு மாதம் இருந்தார். அல்பத்தை ஒருநாளும் கேட்கவில்லை. செத்தவீடு முடிந்து அலுமாரியைத் திறந்தேன். அல்பம் இருந்த இடத்தில் மரணசாசனத்தை மடித்து வைத்திருந்தார்.

தெரிந்தும் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு மாதம் அப்படி இருந்திருக்கிறோம்.