ஏழாம் அண்ணியின் வாத்து

மேக்கோங் ஆற்று வாய்க்கால் கரையில் லுவாவை எல்லோரும் ஏழாம் அண்ணி என்பார்கள். ஏழாம் பிள்ளையைக் கட்டியவள். குடும்பத்தில் எந்தத் திவசமானாலும் மீன் புளிச்சாற்றுப் பானை அவள் பொறுப்பு. இறக்கியதும் மேலே கிள்ளிப்போடும் ஓம் என்கிற வயல் தழைதான் அந்தச் சாற்றுக்கு உயிர். எலுமிச்சையும் சீரகமும் கலந்த வாசம். அறுப்பு முடிந்த வயலின் சேற்றில் தானாக முளைக்கும். பக்கத்திலேயே அச்சு அசலாக அதைப்போல வாசமில்லாத களை ஒன்றும் முளைக்கும்.

போன வருடக் காய்ச்சல் லுவாவின் மோப்பத்தைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சலுக்குப் பின் இப்படி ஆவதுண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் பானை நாத்தனார் சின் கைக்குப் போய்விடும், லுவா மீன் செதில் சீவ உட்கார வேண்டியதுதான்.

அவளிடம் ஒரு பெட்டை வாத்து இருந்தது. ஓம் தழையை நீட்டினால் தலையை உதறிவிட்டு நகரும். களை என்றால் வேரோடு விழுங்கும். பறித்ததையெல்லாம் அதனிடம் காட்டியே காலத்தை ஓட்டினாள்.

மாமனார் திவசத்தன்று கணவனின் மூத்த அண்ணன் வீட்டுக்கும் அதைக் கூடையில் கொண்டுபோனாள். தழை பறித்துத் திரும்பினால் கூடை காலி. கொல்லையில் சின் வாத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கத்தியோடு நின்றாள்.

"கறிக்கஞ்சிக்கு நீங்களே வாத்து கொண்டாந்துட்டீங்களா அண்ணி? நல்ல கொழுப்பு!"

"அதை விடுடி!"

"ஏன், உங்க கூடப் பொறந்ததா?" சின் கத்தியைக் கழுத்தில் வைத்தாள்.

"அது என் மூக்குடி!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். வேறு வழியில்லை, லுவா எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஐயையோ! இத்தனை நாளா வாத்து சமைச்சதையா தின்னோம்?" சின் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சாற்றுக் கரண்டிக்குக் கை நீட்டினாள்.

சாராய வட்டத்திலிருந்து மூத்தவர் எழுந்து வந்தார். "போன மாசம் அம்மா திவசத்துல சாறு எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான்..." சின் இழுத்தாள்.

"நாலு கிண்ணம் குடிச்சே. வாத்தை விட்டுட்டுச் சேவலைப் பிடி."

"அப்ப மீனை மோந்து பாக்கறது யாரு? அதுக்கு ஒரு பூனையா?"

லுவா யோசித்தாள். நியாயமான கேள்விதான். "மீன் நேத்துப் பிடிச்சதா இன்னிக்குப் பிடிச்சதான்னு வாத்துக்குத் தெரியாது. அதுக்கு நீ வா."

சின் மணையை அடுப்போரம் இழுத்துப் போட்டாள். "வாத்துக்கு அடுத்த பதவி. கொடுத்து வச்சவ நான்!"