பசுவுக்குப் போன கிழங்கு

என் மனுஷனை இதற்கு மட்டும் நான் மன்னிக்கவில்லை.

வட்டக்கச்சியில் குடியேறிய மறுவருஷம் மூத்தவள் பிறந்தாள். எனக்குப் பால் போதவில்லை. பிள்ளை பசியில் வீறிட்டாள். பால் சுரக்கவைக்கும் சாத்தாவாரிக் கிழங்கு காட்டில் கிடந்தது. கொண்டுவரச் சொல்லி அவரிடம் கெஞ்சினேன். ஒரு கடகம் நிறையக் கிண்டிவந்தார். நான் எழும்பிப் போய்ப் பார்த்தபோது, அத்தனையையும் இடித்துப் பசுவின் தொட்டியில் தவிட்டோடு கரைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு?" என்றேன்.

"இஞ்சேரும், மாடு கூடுதலாய்க் கறந்தால் பால் கடைக்கும் போகும், வீட்டுக்கும் வரும். உம்மட பால் பிள்ளைக்கு மட்டுந்தானே."

பசுவின் முகத்தைத் தள்ளிவிட்டு, தொட்டிக்குள் கைவிட்டு, அந்தத் தவிட்டுத் தண்ணீரை அவர் பார்த்திருக்க அள்ளி அள்ளிக் குடித்தேன்.