பாபாவைத் தூக்கிக்கொண்டு ஏறிய கோட்டை

குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தேன். முதலாளியின் அப்பாவுக்கு நடக்க முடியாது. அவரை பாபா என்று கூப்பிடுவேன். ஒரு கோடையில் குடும்பமே சைப்ரஸ் தீவைச் சுற்றிப் பார்க்கப் போனது. சக்கர நாற்காலி தள்ள என்னையும் கூட்டிப்போனார்கள். என் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது.

கோட்டை, கடல் குகை, பழைய ஊர் எல்லாம் அவர்கள் பார்த்தார்கள். பாபாவும் நானும் கார் நிறுத்துமிடங்களைப் பார்த்தோம். நாற்காலியை விட்டு அவரை இறக்கினால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

ஒருநாள் கோட்டைக்குக் கீழே பாபா என் சட்டையைப் பிடித்தார்.

"யல்லா, கிளம்பு, மேலே போகணும்."

"மாஃபி பாபா, முடியாது. என் வேலை போயிடும்."

"உன்னை அனுப்பினா உன் வீட்டுக்குப் போவே. நான் எங்கே போவேன்?"

அவரை முதுகில் தூக்கிக்கொண்டு படியேறினேன். மேலிருந்து கடல் தெரிந்தது. என் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

முதலாளி பார்த்துவிட்டார். "நீ என்ன டூரிஸ்டா?" என்று கத்தினார்.

"அவன் என் கால். என் காலைத் திட்டாதே. கலாஸ், போதும்" என்றார் பாபா.

என்னை அனுப்பவில்லை. மீதி நாட்களெல்லாம் எங்கள் இருவரையும் ஓட்டல் அறையில் விட்டுப் போனார்கள். ஜன்னலில் எதிர்க் கட்டடத்துச் சுவர் தெரிந்தது. அந்தக் குவைத் வீட்டில் அடைபட்டவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.