எச்சுக்கும் ஜேக்கும் நடுவில்

1. அலுமாரி

வேலைக்குச் சேர்ந்த முதல்நாளே எங்கள் கந்தோரின் பாதுகாப்பு எப்படிப்பட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட, பலாலி வீதியில், ஒரு புத்தகக்கடையின் மேல்மாடியில் இரண்டு அறை. அதுதான் எங்கள் கலியாண சேவை. நடத்தியவர் நடராசா மாஸ்ரர். முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஸ் படிப்பித்துவிட்டு ஓய்வெடுத்தவர்.

"ஆக்களின்ரை குடும்ப விசயம் எங்கடை கையிலை கிடக்கு பிள்ளை. ஒரு சொல்லு வெளியிலை போகக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே இரும்பு அலுமாரியைக் காட்டினார். பெரிய பூட்டுப் போட்டிருந்தது.

"திறப்பு எங்கை மாஸ்ரர்?"

அலுமாரிக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணி. ஆணியில் திறப்பு. திறப்பில் ஒரு மட்டை கட்டியிருந்தது. மட்டையில் "அலுமாரித் திறப்பு" என்று அழகாக எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார்.

"இப்பிடி எழுதித் தூக்கிவைச்சால்..." என்று இழுத்தேன்.

"எழுதாட்டி இது எந்தத் திறப்பெண்டு ஆருக்குத் தெரியும்?"

ஆருக்கும் தெரியாமல் இருப்பதுதானே நல்லது என்று நான் சொல்லவில்லை. முதல்நாள் அல்லவா.

2. குறிப்பு

எங்களிடம் பதிகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் இருந்தது. வயது, நட்சத்திரம், ராசி, படிப்பு, வேலை, ஊர், உயரம் என்று வரிசையாகக் கட்டங்கள். உயரத்துக்குப் பக்கத்தில் "குறிப்பு" என்று ஒரு கட்டம். அதற்கு அடுத்தது "எதிர்பார்ப்பு".

"மற்றதெல்லாம் அவை சொல்லுறது. குறிப்புத்தான் நாங்கள் கண்டது. அதிலைதான் உண்மை இருக்கு" என்பார் மாஸ்ரர்.

வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து குறிப்பு எழுதுவது என் வேலை. தொடக்கத்தில் "நல்ல குடும்பம்", "அமைதியான பிள்ளை" என்றுதான் எழுதினேன். வருசம் போகப் போக என் கை துணிந்துவிட்டது. "மாப்பிளை கெட்டிக்காரன். தகப்பன் தன்னைத்தான் மாப்பிளை எண்டு நினைக்கிறார்." "பொம்பிளை நல்ல வடிவு. படத்திலை இருக்கிறது தங்கச்சி." இப்படி. எழுதிவிட்டு நானே வாசித்துச் சிரிப்பேன். மாஸ்ரரும் சிரிப்பார். எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆர் பார்க்கப்போகிறார்கள் என்ற துணிவு.

பிறகு கொம்பியூட்டர் வந்தது. அதோடு குருநகரிலிருந்து ஜெனோ வந்தாள். படுகெட்டிக்காரி. அலுமாரித் தாள் முழுவதையும் மூன்று மாதத்தில் எக்செல்லில் ஏற்றினாள். குறிப்புக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"அக்கா, இதையும் அடிக்கிறதோ?"

"ஓம். ஒண்டும் விடாமல் அடி."

"அப்ப பாஸ்வேர்ட் ஒண்டு கட்டாயம் போடவேணும்" என்றாள்.

மாஸ்ரருக்கு இந்தப் பாஸ்வேர்ட் விசயம் நன்றாகப் பிடித்துப்போய்விட்டது. கிழமைக்கு ஒருக்கால் தானே மாற்றுவார். மாற்றினால் எங்களுக்குச் சொல்லவேண்டுமே. வகுப்பில் கடைசி வாங்குக்குக் கேட்கிற குரல் அவருக்கு. உள்ளறையிலிருந்து, "பிள்ளையள், இந்தக் கிழமை மல்லிகை!" என்பார். ஒருநாள் வெளியறையில் காத்திருந்த ஒரு தகப்பன் எழும்பி, "மாஸ்ரர், போன கிழமையும் மல்லிகைதானே?" என்று கேட்டார்.

3. மாஸ்ரர் கண்டுபிடித்த எழுத்து

தை மாதம் வெளிநாட்டுச் சனம் ஊருக்கு வரும். அதற்கு முதல், பதிந்திருக்கிற இருநூற்றுச் சொச்சக் குடும்பங்களுக்கும் முழுப் பட்டியலையும் வட்ஸ்அப்பில் அனுப்புவோம். பெயர் இருக்காது, பதிவிலக்கம் மட்டும்தான். எக்செல்லில் மேலிருந்து கீழே போகிற கட்ட வரிசையைக் கொலம் என்போம்; குறிப்புக் கொலத்தை ஜெனோ மறைத்துவிடுவாள்.

அந்த வருசம் பட்டியல் அனுப்புகிற நாளில் ஜெனோவின் அக்கா மகளுக்கு மாதா கோயிலில் முதல்நன்மைச் சடங்கு. கோயிலுக்குப் போகவேண்டும் என்று லீவு எடுத்தாள். "எல்லாம் சரி பண்ணி வைச்சிருக்கிறன் மாஸ்ரர். ஒண்டையும் தொடாமல் அப்பிடியே அனுப்புங்கோ" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் தபாற்கந்தோருக்குப் போய் வந்தேன். மாஸ்ரர் கதிரையில் சாய்ந்து இருந்தார். முகத்தில் ஒரு பெருமை.

"பிள்ளை, உவள் ஜெனோ கெட்டிக்காரிதான். ஆனால் இங்கிலீஸ் அடிப்படை காணாது."

"ஏன் மாஸ்ரர்?"

"மேலை எழுத்துப் போட்டுக்கிடக்கல்லோ, கொலத்துக்குக் கொலம்? ஏ, பி, சி எண்டு ஒழுங்காப் போகுது. எச் வந்தாப்பிறகு நேரை ஜே! நடுவிலை ஐயைக் காணேல்லை. முப்பது வருசம் படிப்பிச்சவன், இதை இருநூறு வீட்டுக்கு அப்பிடியே அனுப்புவனோ?"

"என்ன செய்தனீங்கள்?"

"அந்த இடத்திலை ஒரு கோடு தடிப்பாத் தெரிஞ்சுது. பிடிச்சு இழுத்தன். ஐ உள்ளுக்கை ஒளிச்சு நிண்டது. வெளியிலை எடுத்துவிட்டிட்டு அனுப்பினன்."

"மாஸ்ரர், ஐ தான் குறிப்பு."

மாஸ்ரர் கதிரையை விட்டு எழும்பினார். பிறகு இருந்தார். அப்போது மேசையில் இருந்த போன் அடித்தது. அது ஓய முதல் என் போன் அடித்தது.

நான் ஜெனோவுக்கு அழைத்தேன். கோயில் வாசலில் நின்று, "அனுப்பினதை அழியுங்கோ அக்கா! எல்லாருக்கும் அழி எண்டதை அமத்துங்கோ! கெதியா!" என்று கத்தினாள்.

"அழிச்சிட்டன்! இஞ்சை பார், இல்லை!" என்று மாஸ்ரர் போனைத் தூக்கிக் காட்டினார். அவருடைய போனில் இல்லைத்தான். "எனக்கு மட்டும் அழி" என்பதை அமத்தியிருந்தார். இருநூறு வீட்டிலும் அது பத்திரமாக இருந்தது. இனி எங்களாலும் திருப்பி எடுக்க முடியாது.

4. வந்த ஆட்கள்

பெயர் இல்லைத்தானே என்று ஒரு நிமிசம் ஆறுதலடைந்தேன். அது யாழ்ப்பாணத்தில் எடுபடாத ஆறுதல். "கரவெட்டி, டியூட்டரியில் கணிதம் படிப்பிக்கிறார், ஐந்தடி எட்டு அங்குலம்" என்று போட்டால் அதற்குப் பிறகு பெயர் என்னத்துக்கு?

மத்தியானத்துக்குள் படியெல்லாம் ஆட்கள். தங்களுக்கு எழுதியதை மறுக்க வந்தவர்கள் பாதி. மற்றப் பாதி, பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதியது உண்மைதானா என்று உறுதிப்படுத்த வந்தவர்கள். ஒரு தகப்பன் கண் கலங்கி நின்றார்.

"என்ரை மகனுக்கு நேரை ஒண்டுமே எழுதேல்லை. எழுத ஒண்டும் இல்லாத பிள்ளையே அவன்?"

மூன்று மணிக்கு யோகம்மா வந்தா. சாவகச்சேரிக்காரி. மகன் நிரூபன் வீட்டுக் கூரைகளில் சோலர் தகடு பூட்டுகிறவன். அவனுக்கு நான் எழுதியிருந்தது இது: "நல்ல பிள்ளை. சிரிப்பு குதிரை கனைக்கிற மாதிரி. தாய் கதைக்கத் தொடங்கினால் பஸ் தவறும்."

"நான் கனக்கக் கதைக்கிறனானோ?" என்று யோகம்மா தொடங்கினா. தான் எவ்வளவு குறைவாகக் கதைக்கிறவ என்பதைச் சிறுவயது முதல் எடுத்து விளக்கினா. சாட்சிக்கு அயலில் ஒன்பது பேரின் பெயர் சொன்னா. அந்த ஒன்பது பேருடனும் என்ன என்ன கதைத்தவ என்பதையும் சொன்னா. ஐந்து மணிக்கு மாஸ்ரர் மெதுவாக எழும்பி யன்னல்களைப் பூட்டத் தொடங்கினார். யோகம்மா அவருக்குப் பின்னால் யன்னல் யன்னலாக நடந்து கதைத்தா.

போகிற நேரம் வாசலில் நின்றா. "உந்தக் கரவெட்டிப் பிள்ளைக்கு நீ எழுதினது பிழை" என்று மட்டும் சொன்னா. அன்றைக்கு அவ சொன்ன ஒரே சின்ன வசனம் அதுதான். எனக்குச் சுட்டதும் அதுதான்.

5. கரவெட்டி

அந்தப் பிள்ளை கௌசி. நிரூபனுக்கும் அவளுக்கும்தான் அந்த மாதம் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பொருத்தமும் நன்றாக இருந்தது. அவளுக்கு நான் எழுதிய குறிப்பு: "சின்ன வயதில் வலிப்பு. இப்பவும் மருந்து எடுக்கிறா. ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டு தாய் சொன்னவ. சமையல் சுமார்."

சொல்லவேண்டாம் என்று சொன்னதையும் சேர்த்து எழுதிவைத்திருக்கிறேன், பாருங்கள்.

அடுத்தநாள் மாஸ்ரரும் நானும் பஸ் ஏறிக் கரவெட்டிக்குப் போனோம். தாய் எங்களைக் கண்டதும் கேற்றைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டா. கௌசிதான் வெளியே வந்தாள்.

மாஸ்ரர், "பிழை என்ரை, தங்கச்சி, அந்த ஐ எழுத்து..." என்று தொடங்கினார்.

"ஆர் எழுதினது?" என்று கேட்டாள்.

"நான்" என்றேன்.

"அம்மா உங்களை நம்பித்தானே சொன்னவ?"

"ஓம்."

"அப்ப ஏன் எழுதினனீங்கள்?"

மறந்துபோய்விடும் என்று எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய். தாளில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது, நிரப்பினேன். அவ்வளவுதான் காரணம். இத்தனை வருசத்தில் அதை நான் அன்றைக்குத்தான் யோசித்தேன்.

"நாலு வருசமா எனக்கு ஒருக்காலும் வரேல்லை" என்றாள் கௌசி. "நேற்றுப் பின்னேரம் தொடக்கம் டியூட்டரியிலை பெடியள் என்னை விழவிடாமல் பிடிக்கப் பின்னாலையே திரியிறாங்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் ஒருத்தன் கதிரையோடை ஓடிவாறான். இன்னொருத்தன் பொக்கற்றுக்கை ஒரு இரும்புத் துண்டு வைச்சிருக்கிறான், என்ரை கையிலை தர. எனக்கு உவங்களாலைதான் வலிப்பு வரும்போலை கிடக்கு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றோம். அவளுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"அதை விடுங்கோ" என்றாள். "சமையல் சுமார் எண்டு எப்பிடி எழுதினனீங்கள்?"

"அண்டைக்கு வந்தநேரம் வடை தந்தனீங்கள்... கொஞ்சம் கல்லு மாதிரி..."

"அது அம்மா சுட்டது!"

உள்ளே கதவு படாரென்று திறந்தது. "என்ரை வடைக்கு என்ன குறை?" என்று தாய் வெளியே வந்தா. எங்கள் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று இருந்த மனுசி, வடைக்காகக் கேற்றைத் திறந்து, எங்களைக் கூப்பிட்டு இருத்தி, உடனே உளுந்து ஊறப்போட்டா. ஊறும்வரைக்கும் எங்களைத் திட்டினா. நாங்கள் திட்டு வாங்கினோம். பிறகு வடை சாப்பிட்டோம். மாஸ்ரர் ஐந்து சாப்பிட்டார். அவருடையது கட்டுப்பல்லு, பாவம்.

அடுத்த கிழமை நிரூபன் தாயோடு கரவெட்டிக்குப் போனான். வலிப்பைப் பற்றி யோகம்மா சொன்னது இதுவாம்: "அதுக்கு மருந்து இருக்கு. என்ரை கதைக்குத்தான் மருந்தில்லை." கௌசி நிரூபனிடம், "எங்கை, ஒருக்காச் சிரியுங்கோ பாப்பம்" என்று கேட்டாளாம். அவன் வெட்கப்பட்டு நின்றுவிட்டுக் கடைசியில் சிரிக்க, பக்கத்து வளவில் படுத்திருந்த மாடு எழும்பி நின்றதாம். ஆவணியில் கலியாணம் நடந்தது. எங்களையும் கூப்பிட்டார்கள்.

எல்லாம் அப்படி நல்லபடி முடியவில்லை. பல குடும்பங்கள் பதிவை எடுத்துக்கொண்டு போய்விட்டன. கொடிகாமப் பக்கம் ஒரு பிள்ளையின் கலியாணப் பேச்சு அன்றோடு நின்றது. நான் மூன்று தரம் போனேன். அந்த வீட்டார் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. அது நியாயம்தான்.

6. நெருப்பு

ஜெனோ லீவு முடிந்து வந்து முதலில் செய்த வேலை, ஐ கொலத்தை மறைக்காமல் முழுவதுமாக அழித்தது. "மறைச்சுவைக்கிறது வேறை, இல்லாமல் பண்ணுறது வேறை மாஸ்ரர்" என்றாள். வெளியே போகிற பட்டியலை அதற்குப் பிறகு ஒருத்தரும் இழுத்து மாற்ற முடியாத மாதிரிப் பீடிஎஃப்பில்தான் அனுப்பினாள். ஊர், வேலை, உயரம் மூன்றும் ஒன்றாக வரவிடவில்லை. பதிய வருகிறவர்கள் தங்கள் தாளைத் தாங்களே வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும் என்று நான் ஒரு விதி போட்டேன். அந்த ஒரு விதியோடு என் எழுத்துத் திறமையெல்லாம் அடங்கிவிட்டது. ஒருத்தருக்கு முன்னால் வாசித்துக்காட்ட முடியாததை அவரைப் பற்றி எழுதிவைக்க எங்களுக்கு உரிமை இல்லை. சின்னக் கந்தோர், மூன்று பேர், ஆர் பார்க்கப்போகிறார்கள் என்று நினைக்கிற இடத்தில்தான் இது முக்கியம்.

மிச்சம் இருந்தது பழைய தாள்கள். கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு பழைய தகரப் பீப்பாவில் நெருப்பு மூட்டினோம். நானும் ஜெனோவும் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டோம். மாஸ்ரர் பக்கத்தில் ஒரு கதிரை போட்டிருந்து, போட முதல் ஒவ்வொரு தாளையும் வாசித்தார். வாசித்து வாசித்துச் சிரித்தார். முதல்நாள் முப்பது தாள்கூட எரியவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் அவர் ஒரு தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, "இதை மட்டும் விடு பிள்ளை. இதெல்லாம் சரித்திரம்" என்றார்.

"சரித்திரம்தான் மாஸ்ரர். ஆனால் எங்கடை இல்லை" என்றேன்.

கையை நீட்டினேன். மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார், இனி வாசிப்பதில்லை என்கிற மாதிரி. தானே எழும்பிப் போய் அந்தத் தாள் கட்டை நெருப்பில் போட்டார்.